கதிரைப் பாடம் விமலா ரீச்சருடையது

விமலா ரீச்சர் இறந்த செய்தி ஓமந்தை தாண்டிக்கொண்டிருந்த பேருந்தில் எனக்கு வந்தது. சனிக்கிழமை. பள்ளிக்கூட அதிபர்தான் அழைத்தார். "தம்பி, எங்கட விமலா ரீச்சர் காலமை வவுனியா ஆஸ்பத்திரியில மோசம் போட்டா. எலிக்காய்ச்சலாம்" என்றார். எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. இனிப் பிள்ளைகள் எங்கள் இருவரையும் ஒப்பிடமாட்டார்கள் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. துக்கம் மாங்குளம் வந்த பிறகே வந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சாகும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவரை அமைதியானவர், அன்பானவர் என்று எழுதுவார்கள். அது உண்மைதான். அவர்மீது எனக்கு இருந்தது பொறாமை. அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

நான் பட்டதாரி ஆசிரியன். நியமனக் கடிதத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தவன். அவர் பன்னிரண்டு வருடம் தொண்டர் ஆசிரியர். அதாவது மற்றவர்கள் செய்த அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவர். லீவு நாட்களில் பிறருடைய வயலில் புல் பிடுங்கப் போவார். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் இங்கேயே பிறந்து, படித்து, எங்கள் எல்லோரையும் போல இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து திரும்பியவர். ஆனாலும் ஆசிரியர் அறையில் சிலருக்கு அவர் "தோட்டத்து ரீச்சர்". நான் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எட்டாந்தரத்தில் இரண்டு பிரிவுகள். 'ஏ' எனக்கு, 'பி' அவருக்கு. நல்ல கதிரைகள் 'ஏ' பிரிவுக்குப் போகும். 'பி' பிரிவில் எப்போதும் இரண்டு மூன்று பிள்ளைகள் நிற்பார்கள், அல்லது ஒரு கதிரையில் இருவர் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். கூட்டல் குறியான சகவும் கழித்தல் குறியான சயவும் வரும் திசைகொண்ட எண்கள் பாடத்தில் நான் வழக்கம்போல் கரும்பலகையில் விதியை எழுதினேன்: இரண்டு சய சேர்ந்தால் சக. பிள்ளைகள் பாட்டாகப் பாடமாக்கினார்கள். தவணைப் பரீட்சையில் சய மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொல்லி ஒரு கணக்கு. என் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சக எட்டு என்று எழுதியிருந்தார்கள். சய மூன்று சய ஐந்து, இரண்டு சய இருக்கிறது, ஆகவே சக. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருந்தார்கள்.

விடைத்தாள்களை மாற்றித் திருத்துவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். அவர் என் வகுப்புத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சேர், உங்கட பிள்ளையள் எல்லாரும் ஒரே பிழை விட்டிருக்கினம்."

"கவனமில்லை, ரீச்சர். எவ்வளவு சொன்னாலும் ஏறாது."

"நாலு பேர் நாலு விதமாப் பிழை விட்டால் அது பிள்ளையளின்ர பிழை. எல்லாரும் ஒரே மாதிரி விட்டால்?"

கேள்வியை முடிக்காமல் போய்விட்டார். அவர் வகுப்புத் தாள்கள் என் கையில் இருந்தன. சய எட்டு, சய எட்டு, சய எட்டு. அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை.

அவர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதை, அடுத்த வாரம் அவர் அந்தப் பாடத்தை மறுபடி நடத்தியபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். கதிரை மிச்சமிருந்தால் சக. பிள்ளை நின்றால் சய. மூன்று பேர் நிற்கிறார்கள், சய மூன்று. பக்கத்து வகுப்பிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்து நிற்கிறார்கள். எத்தனை? எண்ணிப் பார்த்தால் போதும். பிறகு இரண்டு கதிரைகளைத் தூக்கி வரச் செய்வார், திருப்பி அனுப்புவார். ஒரே ஆரவாரம். எல்லோரும் இருந்து, கதிரையும் மிஞ்சாதபோது, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டார். "பூச்சியம்" என்றார்கள். "பூச்சியம் எண்டால் ஒண்டுமில்லை எண்டில்லை, பிள்ளையள். எல்லாருக்கும் இருக்க இடம் இருக்கெண்டு அர்த்தம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் என்னால் எந்த வகுப்பிலும் விளங்கப்படுத்த முடியாத இடம் வந்தது. சயவைக் கழிப்பது: ஒரு பிள்ளை சய ஒன்று, அதை வெளியே அனுப்புவது கழித்தல். பூச்சியத்தில் இருந்த வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பினார். இரண்டு கதிரைகள் வெறுமையாயின. சக இரண்டு. "ரெண்டு பிள்ளை வெளிய போனாலும் ரெண்டு கதிரை உள்ள வந்தாலும் வகுப்புக்கு ஒண்டுதான்." நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கணிதம் படித்தவன். அந்த ஜன்னலடியில் நின்றபோதுதான் எனக்கே அது விளங்கியது. விளங்கியதும் நெஞ்சு எரிந்தது. கதிரை இல்லாத வகுப்பை வைத்தே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். என்னிடம் எல்லாக் கதிரைகளும் இருந்தன.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் என் வகுப்புப் பிள்ளை தர்சிகா அதில் எண்ணெய் ஊற்றினாள். 'பி' பிரிவில் அவளுக்கு ஒரு சிநேகிதி. நான் பழையபடி விதியைச் சொன்னபோது எழுந்து, "சேர், எட்டுப் பேர் நிக்கினம். நீங்கள் எட்டுக் கதிரை மிச்சமெண்டுறியள்" என்றாள். வகுப்பே சிரித்தது.

சில நாட்களில் கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டு, என்ன நடக்கிறது என்று என்னிடம் விசாரித்தார். நான் சொன்ன வாக்கியம் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது: "அவாவுக்கு விதி தெரியாது சேர். விளையாட்டுக் காட்டிப் பாடத்தைப் போக்காட்டுறா." அவர் குறித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை விமலா ரீச்சரிடமிருந்து கணிதம் எடுக்கப்பட்டது. ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். 'பி' பிரிவும் எனக்கு வந்தது.

அன்று அவர் ஒரு கொப்பியோடு வந்தார். கதிரைப் பாடம் படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. "கடைசிப் படி இன்னும் முடியேல்லை, சேர். ஏழு பிள்ளையளுக்கு விளங்கேல்லை. பேர் பின்னுக்கு இருக்கு." அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் கொப்பியைப் பார்த்தேன்.

நான் அந்தக் கொப்பியை வைத்தே படிப்பித்தேன். இரண்டு பிரிவுகளும் நன்றாகச் செய்தன. அடுத்த முறை வந்த அதே ஆலோசகர், நான் செய்தபோது அதைச் செயற்பாடு என்றார், புதுமை என்றார். கிளிநொச்சியில் நடந்த கணித ஆசிரியர் கருத்தரங்கில் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். கைதட்டினார்கள். "இந்த யோசனை எப்படி வந்தது?" என்று ஒருவர் கேட்டார். "வகுப்பில கதிரை காணாது, அதால" என்றேன். விமலா ரீச்சரின் பெயரைச் சொல்லவில்லை. தொண்டர் ஆசிரியர்களுக்கு அந்தக் கருத்தரங்குக்கு அழைப்பு இல்லை.

பிறகு தொண்டர் ஆசிரியர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுப்பதற்கான நேர்முகம் வந்தது. பாடத்தைத் தொடர்ந்து படிப்பித்ததற்கான கடிதம் கேட்டார்கள். கணிதம் பறிபோன அந்த வருடம் அவருடைய கடிதத்தில் ஓட்டையாக இருந்தது. அவரைச் சேர்க்கவில்லை. அவர் மறுபடியும் லீவில் வயலுக்குப் போனார். சேற்றில் நின்றார். காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நான்கு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சமாளித்தார், ஏனென்றால் ஐந்தாம் நாளுக்குள் களை எடுத்து முடிக்க வேண்டியிருந்தது. இதை விதி என்று மலரில் எழுதப்போகிறவர்களைக் கேட்கிறேன்: பன்னிரண்டு வருடம் படிப்பித்த ஒருவரை வயலில் நிறுத்தியது யாருடைய விதி? அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை அவர் கணவர் இராசு அண்ணை என்னைத் தேடி வந்தார், மலருக்கு எழுதித் தரும்படி. நான் கருத்தரங்குக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் சேர். அவவுக்கும் தெரியும். யாரோ போன்ல வீடியோ காட்டினாங்க. 'எங்கட பாடம் கிளிநொச்சி வரைக்கும் போயிட்டுது' எண்டு சொன்னா."

"கோவப்படேல்லையா, அண்ணை?"

"கோவப்பட்டு யாரிட்டப் போய்ச் சொல்றது? அடுத்த நாளும் உங்கட பள்ளிக்கூடத்துக்குத்தானே வரணும்."

இதைப் பெருந்தன்மை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கோபப்பட வசதியில்லாதவரை நாம் பெருந்தன்மையானவர் என்று பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். "எங்கட பாடம்" என்றாராம். அதில் என்னையும் சேர்த்திருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதிபர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "தம்பி, நாலு நல்ல வார்த்தை எழுதினால் காணும். செத்தவாவின்ர மலரில வழக்குப் பேசக்கூடாது" என்றார். போடுவதென்றால் முழுவதையும் போடுங்கள், இல்லாவிட்டால் என் பெயரையே போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடம் யாருடையது, நான் ஆலோசகரிடம் சொன்னது எவ்வளவு பொய் என்று வலயத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு இனி நியமனம் வராது. மற்றத் தொண்டர் ஆசிரியர்களின் கடிதங்களை இனியாவது ஒருவன் வாயை நம்பிக் கிழிக்காமல் இருக்கட்டும்.

கொப்பியை அவருடைய மகளிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு விளங்கிவிட்டது. இருவருக்கு இன்னும் இல்லை. அந்த இருவரையும் அவரிடமிருந்து நான் பொறுப்பேற்கிறேன். பொறாமையையும் வைத்துக்கொள்கிறேன். அவர் எவ்வளவு பெரிய ஆசிரியர் என்று நான் யாரிடமும் கேட்டு அறியவில்லை, என் நெஞ்செரிவில்தான் அறிந்தேன். அடுத்த தவணையில் எட்டாந்தரத்துக்குத் திசைகொண்ட எண்கள் வரும். பாடத்தின் தலைப்புக்கு மேலே அவருடைய முழுப்பெயரை எழுதுவேன். பிள்ளைகள் அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்வார்கள், எனக்கு எரியும். எரியட்டும்.