சீனியாரிட்டிப்படி பெனால்டி

எங்கள் அலுவலகக் கால்பந்து அணியில் பெனால்டி அடிப்பவர்களின் பட்டியல் டைப் அடித்த தாளாக இருந்தது. கீழே கையெழுத்து, அதற்கும் கீழே அலுவலக முத்திரை. ஐந்து பேரையும் பணி மூப்புப்படி வரிசைப்படுத்தியிருந்தார் எங்கள் மேனேஜர். அலுவலகத்தில் அவர் செக்‌ஷன் ஆபீசர். மாயவரத்துக்காரர், டெல்லியில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார். அவர் கால் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஃபைல் நடத்தத் தெரிந்தவனுக்கு டீம் நடத்துவது பெரிய காரியமா என்பது அவர் எண்ணம்.

நான் அங்கே தினக்கூலி எழுத்தர். முனிர்காவில் ஓர் அறையில் நான்கு பேராகப் படுத்து எழுந்தோம். டெல்லி அலுவலகங்களுக்கிடையே நடக்கும் லீக்கில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் பிளே-ஆஃப். அதில் அரையிறுதியைத் தாண்டினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம் ஓடினேன். லீக்கில் எங்கள் கோல்களில் பாதி நான் போட்டவை. மூன்று வருடமும் அரையிறுதி சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. தினக்கூலிக்கு ஏது சீனியாரிட்டி? பட்டியலில் என் பெயர் இல்லை.

முதல் வருடம் பனி. ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்த சூப்பரின்டென்டென்ட்தான் முதலில் உதைக்க வேண்டியவர். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உதைத்தார். பந்து எங்கோ போயிற்று. பனியால் தோற்றோம் என்றார் மேனேஜர். எதிரணிக்கும் அதே பனிதான். அடுத்த வருடம் நல்ல வெயில். அதே சூப்பரின்டென்டென்ட், அதே உதை. இந்தத் தடவை நடுவர் சரியில்லையாம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்புவார்: “பெனால்டியில் சென்ற ஆண்டு ஒரு கோல், இவ்வாண்டு இரண்டு. முன்னேற்றம் கண்கூடு.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஆட எழுந்தாள்.

மூன்றாம் வருடம் ஐந்தாவது உதை மிச்சம். கோலானால் சமன், தவறினால் தோல்வி. உதைக்க வேண்டிய தலைமை எழுத்தருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. அவரே என்னைக் காட்டி, “சார், இவன் அடிக்கட்டுமே” என்றார். மேனேஜர் தாளைப் பார்த்தார். “லிஸ்ட்ல இல்லாதவனை எப்படிப்பா அனுப்பறது? நாளைக்கு எவனாவது கம்ப்ளெய்ன்ட் எழுதினா நீயா பதில் சொல்லுவே? ஜல்தி, போய் அடி.” அவர் நொண்டிக்கொண்டே போய் உதைத்தார். கோல்கீப்பர் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து மேனேஜர் என் வேலையை நீட்டிக்கவில்லை. இப்போது குரியர் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மேனேஜர் எனக்குப் பக்கத்து இலை. ஓய்வு பெற்றும் வாய் ஓயவில்லை. “இப்ப இருக்கற டீம் பிளே-ஆஃப் பக்கமே போகலை. நாம மூணு வருஷம் வரிசையாப் போனோம். மூணாவது வருஷம் இவன் அடிச்சிருந்தா கப் நம்மளுது” என்று எதிர்வரிசைக்கு என்னைக் காட்டினார்.

“நீங்க அடிக்க விடலையே சார்” என்றேன்.

“நீ வாயைத் திறந்து கேட்டியா? கையைக் கட்டிண்டு நின்னே.”

ஆட்டத்தைப் பற்றி அவர் ஆயுளில் சொன்ன ஒரே உண்மை அதுதான். நான் கேட்கவில்லை. நிரந்தரம் போய்விடுமே என்று அந்த மனிதர் முன் மூன்று வருடம் வாய் மூடி நின்றேன். அன்று பந்தைப் பிடுங்கி வைத்து உதைத்திருந்தால் மிஞ்சிப்போனால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார். அனுப்பத்தானே செய்தார்.