சோளக்காட்டு மாடியில் ஒரு பிரெஞ்சு வேலை

திங்கட்கிழமையே வேலையை ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டு அந்த மின்னஞ்சல் வந்தபோது, நான் காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து அண்ணன் கல்யாண பிரியாணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. புறங்கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மடியிலிருந்த பூண்டெல்லாம் தரையில் உருண்டு ஓடியது.

பக்கத்தில் இருந்த மாமி, "என்ன, பூரானா?" என்றார்.

"வேலை மாமி."

"வேலைக்கா இந்தக் குதி குதிக்கறே?"

நான் பெல்ஜியத்தில், பிரெஞ்சு பேசும் பகுதியில் உள்ள ஒரு நகரத்தில், இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை முடிக்க எங்காவது இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். கூடப் படித்தவர்கள் நூலகம், அருங்காட்சியகம் என்று போனார்கள். எனக்குப் பிறமொழி நாவல்களைப் பிரெஞ்சில் கொண்டுவரும் ஒரு சின்னப் பதிப்பகத்தின்மேல்தான் கண். மூன்றே பேர் வேலை பார்க்கும் இடம். நேர்காணலுக்குப் போனபோது, தள்ள வேண்டிய கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன். பதிப்பகத்தின் இயக்குநரான அம்மையாரே எழுந்து வந்து திறந்துவிட்டார். அப்படியும் எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து நான் திரும்பியதும் சேர்வதாகத்தான் பேச்சு. ஆனால் எனக்கு முன் இருந்தவர் பாதியில் போய்விட்டாராம். ஒரு புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். இருக்கும் இடத்திலிருந்தே தொடங்க முடியுமா என்று கேட்டிருந்தார் அம்மையார். கடைசி வரியில், அது ஒரு தமிழ் நாவலின் மொழிபெயர்ப்பு, அதனால்தான் உங்கள் ஞாபகம் வந்தது என்றிருந்தது.

முடியும் என்று உடனே எழுதிவிட்டேன். எங்கே உட்கார்ந்து என்பதை அப்புறம்தான் யோசித்தேன். வீட்டில் ஓர் அறையில் மாமிகள், ஓர் அறையில் பாத்திரங்கள், மொட்டை மாடியில் பந்தல்காரர்கள். குளியலறையில்கூடத் தனிமை கிடையாது. வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டி, சீயக்காய் எங்கே என்று கேட்பார்கள்.

அத்தாதான் வழி சொன்னார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மிளகு வியாபாரி. கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தையில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது.

"கடை மாடி சும்மாத்தான கெடக்குது கண்ணு. சன்னலோரம் டவர் நல்லா எடுக்கும். எங்கூட வந்துரு."

திங்கட்கிழமை காலை அத்தாவின் வேனில் மலை ஏறினோம். மடியில் லேப்டாப். முதல் நாள் அம்மையாரிடம் பேச வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்தது. மொத்தம் எழுபது வளைவுகள். எனக்கு நாமக்கல்லில் கற்றுக்கொடுத்த பிரெஞ்சில் எழுபது என்பதை 'அறுபது-பத்து' என்றுதான் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் அதற்கென்று தனியாக ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். அங்கே போன முதல் மாதம் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டபோது, யாரோ என் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவிட்டது போலிருந்தது. அதை அத்தாவிடம் சொன்னேன்.

"அப்ப தொண்ணூறுக்கு?" என்றார்.

"அதுக்கும் தனிச் சொல் இருக்குதுத்தா."

"நல்ல ஊரு," என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

மாடியில் மிளகு மூட்டைகளைச் சுவரோடு அடுக்கியிருந்தார்கள். இரண்டு மூட்டையை இழுத்துப் போட்டு, மேலே பலகை வைத்து, மேசையாக்கினேன். மூன்று தும்மல் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

எனக்குத் தந்திருந்தது சின்ன வேலைதான். பிரெஞ்சுப் பிரதியைப் படித்துவிட்டுப் பின்னட்டைக்கு ஒரு பத்தி எழுத வேண்டும். வாசகர் அதைப் படித்துப் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். கூடவே அம்மையார் ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்: 'நாள் முழுக்கக் கடவுளோடு பேசும் அந்தத் தாய்தான் இந்த நாவலின் இதயம். அவளிலிருந்து தொடங்குங்கள்.'

சேலத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாய் என்னைத் திணறடித்தாள். அடுப்படியில் நின்று, 'கடவுளே, சாப்பிட்டாயா?' என்கிறாள். வாசலில் நின்று, 'கடவுளே, செருப்பைப் போட்டுக்கொண்டு போ' என்கிறாள். ஓரிடத்தில் கடவுளுக்குத் தலையில் பேன் பார்க்கிறாள். அங்கே பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: இந்த வட்டாரப் பெண்களிடம் தெய்வத்தை வீட்டுக்குள் ஒருவராகவே பாவிக்கும் பழைய பக்தி மரபு உண்டு.

தமிழ் மூலத்தையும் அனுப்பியிருந்தார்கள். திறந்து பேன் பார்க்கும் இடத்தைத் தேடினேன்.

'ஆடாம உக்காரு சாமி.'

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மூட்டைமேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடுவார்கள். கண்ணு என்பது போல, அவ்வளவுதான். அந்தத் தாய் நாள் முழுக்கப் பேசியது கடவுளோடு இல்லை, மகனோடு.

"ஏம்மா, என்னாச்சு?" என்று கீழேயிருந்து அத்தா குரல் கொடுத்தார்.

இறங்கிப் போய்ச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகுதான் அது யாருடைய மொழிபெயர்ப்பு என்பது நினைவுக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் நாற்பது வருடமாகத் தமிழ் படித்தவர், எங்கள் பாடத்தில் அவர் கட்டுரைகள் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. என்னிடம் கேட்டது பின்னட்டைக்கு ஒரு பத்தி மட்டும்தான்.

"சொன்னா வேல போயிருமா?" என்றார் அத்தா.

"போனாலும் போகும்."

"அப்ப சாப்புட்டுட்டுச் சொல்லு."

நான் தயிர்சோற்றைப் பிரிக்கும்போது, மலைக்குள் ஒரு கிராமத்திலிருந்து எங்கள் கடைக்கு மிளகு கொண்டுவரும் அக்கா பையைத் தராசில் இறக்கினார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"எப்ப வந்தே சாமி? அங்க சோறு கெடைக்குதா?"

நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். "ஏனுங்கக்கா, என்னைய எதுக்குச் சாமின்னு கூப்புடறீங்க?"

"பின்ன எப்படிக் கூப்புடறது?"

"கோயில்ல இருக்கற சாமியையும் சாமின்னுதானுங்களே சொல்றீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளிநாட்டுப் படிப்பு இப்படித்தான் ஆக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். "அது கும்புடற சாமி. இது கூப்புடற சாமி," என்றார். பிறகு அத்தாவிடம் திரும்பி, "பாய், தராசப் பாருங்க," என்றார்.

மதியம் ஒன்றரை மணிக்கு அழைப்பு. அவர்களுக்குக் காலை பத்து. திரையில் அம்மையார் காபிக் கோப்பையோடு வந்தார். வேனில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. நேராக, "அம்மையாரே, அந்தத் தாய் கடவுளோடு பேசவில்லை," என்று ஆரம்பித்துவிட்டேன்.

கோப்பை வாயருகே நின்றது. "மறுபடி சொல்லுங்கள்."

சொன்னேன். படபடவென்று, வினைச்சொற்களைக் கன்னாபின்னாவென்று திரித்துக்கொண்டு சொன்னேன். நான் முஸ்லிம் பெண். கொஞ்ச நேரத்துக்கு முன்புகூட ஒருவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டுவிட்டு மிளகு எடை போட்டார். அவருக்கும் எனக்கும் நடுவில் அந்த நேரத்தில் எந்தக் கடவுளும் இல்லை என்றேன். திரையில் கோப்பை அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று சன்னல் பக்கம் லேப்டாப்பைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா படியேறி வந்தார். கையில் வாழையிலையில் நாலு பலாச்சுளை.

"சாமி, சோத்த வெச்சுட்டு ஓடியாந்துட்ட. இதையாவது தின்னு," என்று பலகைமேல் வைத்தார். திரையைப் பார்த்து, "அதாரு, டீச்சரா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

"இப்போது சொன்னாரே, அதுவா?" என்றார் அம்மையார். "அந்தச் சொல் என் காதில் விழுந்தது."

"அதேதான்."

கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு நிமிடம்," என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளரை இன்னொரு போனில் பிடித்து, அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். என்னை இன்டர்ன் என்று அறிமுகப்படுத்தினார். தமிழ் மூலத்தை அவசரமாகத் திறந்தேன். சுளையை எடுத்த விரல்கள் வேறு ஒட்டிக்கொண்டன.

முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் பெரியவர் பிரெஞ்சில், "மகன் வெளியூரில் இருக்கும் அத்தியாயத்திலும் அவள் சாமி என்கிறாளே?" என்றார். கறாரான குரல்.

"அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை இருக்கிறது, ஐயா. முந்திய பத்தியில் உள்ளே வந்தது."

தாள்கள் புரளும் சத்தம். நீண்ட நேரம் புரண்டன. நான் என்ன செய்வதென்று தெரியாமல், அக்கா சொன்னதைத் தமிழிலேயே சொன்னேன். அது கும்புடற சாமி, இது கூப்புடற சாமி.

"இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார் அவர், தமிழில். எழுத்துத் தமிழ், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. சொன்னேன். எழுதிக்கொள்வது கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "அடிக்குறிப்பை மிகவும் பாடுபட்டு எழுதினேன்," என்றார்.

அம்மையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரித்ததும் பெரியவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தச் சொல்லுக்குப் பதில் என்ன போடுவதென்று மூன்று பேரும் மல்லுக்கட்டினோம். பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளைகளைக் கொஞ்சும்போது 'என் குட்டி முட்டைக்கோசே' என்பார்கள். அம்மையார் அதைச் சொன்னதுமே பெரியவர், "அந்த ஊரில் முட்டைக்கோசா?" என்று தடுத்தார். புதையலே, வாத்துக்குஞ்சே என்று ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியில் பெரியவரே, சாமியைச் சாமியாகவே விட்டுவிடலாம் என்றார். அதன் உள்ளே பிரெஞ்சில் நண்பன் என்று பொருள்படும் 'அமி' ஒலிக்கிறது, வாசகர் காது தானாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார். அவ்வளவு அழகாக அது எனக்குத் தோன்றியிருக்காது. அவரிடமே சொன்னேன். "ஒன்றாவது எனக்கு விட்டீர்களே," என்றார்.

அழைப்பு முடியும்போது அம்மையார், பின்னட்டையோடு சேர்த்து முழுப் பிரதியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள். வியாழக்கிழமை அண்ணன் கல்யாணம் என்பதை நான் சொல்லவில்லை.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். சந்தையில் பேருந்து வந்து நின்றிருந்தது, அன்னாசிக் கூடைகளோடு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அத்தா கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

"வேல இருக்குதா?"

"ரெண்டு வேல ஆயிருச்சுத்தா."

மாலைக்குள் பின்னட்டைப் பத்தியை நாலு தடவை எழுதி, நாலாவதை அனுப்பினேன். 'ஒரு தாயும், சொன்ன பேச்சைக் கேட்காத அவள் மகனும்' என்று தொடங்கியது. கீழே இறங்கும் வழியெல்லாம் போனில் டவர் இல்லை. அடிவாரத்துக்கு வந்ததும் இரண்டு மின்னஞ்சல்கள் ஒன்றாக விழுந்தன. முதலாவது, பத்தி நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டேன் என்றது. இரண்டாவது, அடுத்த மாதம் ஒரு டச்சு நாவல் வருகிறது, உங்களுக்கு டச்சு தெரியுமா என்று கேட்டது.

தெரியாது, ஆனால் அடுத்த மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டு, அத்தாவிடம் வண்டியை ஜிலேபிக் கடையில் நிறுத்தச் சொன்னேன்.