பஸீல் எடுத்த ஓடுகள்

பதுளை பஜாரில் ஸஹாப்தீனுக்குப் பீங்கான் கடை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கல்யாணச் சாமானுக்கு அங்கேதான் வருவார்கள். அவருடைய மனைவி லரீபா, கோப்பையை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே கீறலைக் கண்டுபிடித்துவிடுவாள். ஒரே மகன் பஸீலுக்குக் கடையில் கால் தரிக்கவில்லை. கடலோரப் பொத்துவிலில் பெண் எடுத்தவன், அங்கேயே கடலடியில் கடலட்டை பிடிக்க முழுகப் போனான்.

ஒருநாள் தொலைபேசியில் சிரித்தான்.

"உம்மா, கடலுக்குள்ள பழைய காலத்து யாவாரக் கப்பலொண்டு தாண்டு கெடக்கு. முழுக்கப் பீங்கான். ஒடஞ்சதுதான். ஆனா உங்களுக்குக் காட்ட எடுத்துட்டு வாரேன்."

எட்டாம் நாள், அடியில் சிலிண்டரில் காற்றுத் தீர்ந்து, ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் உடம்பு தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தானான்.

கூட முழுகிய ஷப்ராஸ், நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்தபோது, பஸீல் எடுத்து வைத்திருந்த ஒரு பையைக் கொடுத்தான். உள்ளே நீலப் பூப்போட்ட பதினேழு உடைந்த பீங்கான் ஓடுகள்.

லரீபா அவற்றைக் கழுவவில்லை. மகனின் கை பட்டவை. அலுமாரியில் துணி விரித்து வைத்தாள். தொழுது முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தடவுவாள். இரண்டு மாதத்தில் ஓடுகள்மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. தடவினால் நீலப் பூ செதிலாக உதிர்ந்தது.

ஷப்ராஸ் சொல்லித் தொல்பொருள் அதிகாரி யோகமலர் வீட்டுக்கு வந்தார். ஓடுகளை எடுத்துப் போய்விடுவாரோ என்று கதவைத் திறக்கவே லரீபாவுக்கு மனமில்லை.

"அம்மா, உதுக்குள்ள கடலுப்பு ஊறிக் கிடக்கு. காயக் காய அது வெளியில வந்து பூச்சை உடைச்சுப்போடும். மாசக்கணக்கா நல்ல தண்ணியில ஊறப்போடோணும்."

"அப்ப நான் வச்சிருந்துதானா இது கொட்டுது?"

லரீபா உள்ளே போய், ஓடுகளைத் தானே கடுதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஒரு வருடம் கழித்துப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கொழும்பில் தொல்பொருள் அலுவலகத்தில், மேசைமேல் அந்த ஓடுகள் ஒரு கிண்ணமாக ஒட்டி முடிந்திருந்தன. விளிம்பில் மட்டும் ஒரு விரலளவு இடைவெளி. பக்கத்து அட்டையில், எடுத்தவர் என்று பஸீலின் பெயர். லரீபா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மிச்சத் துண்டு கடலுக்குள்ளதான் கிடக்கும்," என்றார் யோகமலர். "சுழியோடியளை முழுக அனுப்பித் தேடலாமெண்டு கதைக்கினம்."

"வேணாம் மகள். அது அங்கேயே கெடக்கட்டும். ஒரு ஓட்டுக்காக இன்னொரு தாய்ட புள்ளைய எறக்காதீங்க."

யோகமலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

பதுளை ஸ்டேஷனில் ஸஹாப்தீன் காத்திருந்தார்.

"நல்லா ஒட்டீக்காங்களா?"

"ஒட்டீக்காங்க," என்றாள். மழை தூறியது. குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.