அக்கா போட்ட அஞ்சு ஸ்டார்

முதல்லயே மன்னிச்சிடுங்க. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணும், பாதியில விஷயம் மறந்து போகும்... உங்களுக்கு இது பழகிப் போயிருக்கும். நண்டு பத்தி எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். இப்ப அதுக்கு மனசு இல்லை.

எங்க வீட்டு ஊறுகாய்க் கடையை மூடிட்டாங்க.

கடைன்னதும் பலகை, ஷட்டர்னு நினைக்காதீங்க. என் மருமக கௌரியோட போனுக்குள்ள இருந்த கடை. ஆன்லைன்ல, ஒரு ஆப்புல இறால் ஊறுகாய் வித்தா. எங்க ஏரி கடலோட சேர்ற முகத்துவாரம் மணல் தூர்ந்து, கடல் தண்ணி ஏரிக்குள்ள சரியா ஏறாம கிடக்கு. இறால் குறைஞ்சு போச்சு. என் மகன் முருகன் கேரளாப் பக்கம் போட் வேலைக்குப் போறேன்னு கிளம்பினப்ப, "இரு, கிடைக்கிற இறாலை நான் ஊறுகாய் போட்டு விக்கறேன்"னு நிறுத்தினவ அவதான். உணவு லைசென்ஸ் வாங்கினா, பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினா. மகன் வீட்டோட இருந்தான். எனக்கு வேற என்ன வேணும்?

சின்ன வியாபாரிதானே, நம்ம மாநிலத்துக்குள்ள மட்டும் வித்தா ஜிஎஸ்டி நம்பர் வேணாம், ஒரு பதிவு எண் போதும்னு ஆப்புக்காரங்க சொன்னாங்க. வெளி மாநிலத்துக்கு மட்டும் அனுப்பக் கூடாதாம். சரின்னு ஒத்துக்கிட்டா.

வெளி மாநிலம்னா எது? எங்களுக்கு டெல்லி, பம்பாய். ஏரிக்கு அந்தாண்ட கரை ஆந்திராதான், ஆனா அது வெளி மாநிலம்னு யாருக்குத் தோணும்? கௌரி பொறந்ததே அங்கதான். பொண்ணு கொடுக்கறோம், எடுக்கறோம். காதுகுத்துன்னா காலையில படகுல போய்ச் சாயங்காலம் திரும்பறோம். தண்ணியில கோடா கிழிச்சு வெச்சிருக்காங்க?

கௌரியோட அக்கா தனம் அந்தக் கரையில இருக்கா. தங்கச்சி கடையில வாங்கணும்னு அவளுக்கு ஆசை. ஆப்புல அட்ரஸைப் போட்டா, இந்த முகவரிக்கு அனுப்ப முடியாதுன்னு வந்துச்சு.

"விடுக்கா, சும்மாவே குடுத்தனுப்பறேன்"னா கௌரி.

"எனக்கு இன்னாத்துக்குடி ஓசி? காசு குடுத்து வாங்கினாத்தானே உன் கடைக்கு ஸ்டார் போட முடியும்? உங்க எதிர்வூட்டு அட்ரஸைப் போடறேன். உன் வூட்டுக்காரரை படகுல எடுத்தாரச் சொல்லு."

அப்படியே நடந்துச்சு. எங்க வாசல்ல இருந்து கிளம்பின பார்சல் பொன்னேரி போய், அங்க சுத்தி, எங்க எதிர்வீட்டுக்கே வந்து நின்னுச்சு. கூரியர்காரர் தலையில அடிச்சுக்கிட்டார் — "இன்னா ஆயா, தெருவைத் தாண்டறதுக்கு இம்மாஞ் சுத்தா?"

சிரிச்சோம். எல்லாரும்தான் சிரிச்சோம். முருகன் வலைக்குப் போறப்ப அந்தக் கரையில இறக்கிக் குடுத்துட்டு வந்தான்.

தனம் சும்மா இருப்பாளா? அஞ்சு ஸ்டார் போட்டா. பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, பின்னால படகு தெரியற மாதிரி ஒரு போட்டோ. கீழே தெலுங்குல எழுதியிருந்தா... ஆந்திராவுக்கே படகுல கொண்டாந்து குடுத்தாங்க, நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் வாங்குங்கன்னு.

கொஞ்ச நாள்ல கடை முடங்கிடுச்சு. வெளி மாநில விற்பனையாம், ஜிஎஸ்டி நம்பர் குடுத்தாத்தான் திறப்பாங்களாம். கௌரி என்ன எழுதினாலும் திரும்பத் திரும்ப அதே மெசேஜ். பேசறதுக்கு ஒரு மனுஷர் கிடையாது.

பொன்னேரியில ஒரு ஆடிட்டரைப் பார்த்தோம். நல்ல மனுஷர். நான் கௌரி முதுகுக்குப் பின்னாலயே உட்கார்ந்திருந்தேன்.

"ஆன்லைன்ல வெளி மாநிலத்துக்கு ஊறுகாய் வித்தா முதல் பாட்டிலுக்கே நம்பர் வேணும்மா. வாங்கிட்டா அப்புறம் தவறாம கணக்கு காட்டணும். விட்டா அபராதம்."

"இறாலே இல்லாத மாசத்துல இன்னா சார் காட்டறது?"

"விக்கலைன்னு காட்டணும்."

"சரி, காட்டறேன். நம்பர் வாங்கிக் குடுங்க சார்."

அவ விடலை. அப்பதான் அவர் வீட்டுப் பட்டா கேட்டார். எங்க குப்பத்துல யாருகிட்ட இருக்கு பட்டா? கரண்ட் பில்லை நீட்டினோம். அது என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு.

"இவரோட சம்மதம் எழுதி வாங்கிட்டு வாங்க."

"மாமா போய்ச் சேர்ந்து வருஷமாச்சு சார்."

"அப்ப பில்லுல பேர் மாத்திடுங்க."

மாத்தப் போனா... அங்கேயும் பட்டாதான் கேட்டாங்க.

திரும்பற பஸ்ல திருப்பாலைவனம் தாண்டினப்ப கௌரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னா — "அத்தை, அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவளாலதான்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு இறங்காது."

நேத்து தனமே போன் பண்ணினா. "இன்னாடி, நான் போட்ட ஸ்டாருல யாவாரம் பிச்சுக்கினு போவுதா?"

"ஆமாக்கா"ன்னா இவ. தனத்துக்குத் தமிழ் படிக்க வராது. அந்த தைரியத்துலதான் இதை எழுதறேன்.

முருகன் பையைக் கட்டிட்டான். ஞாயித்துக்கிழமை கேரளாவுக்குக் கிளம்பறான். ஊறுகாய் போகக் கூடாதுன்னு சொன்ன வெளி மாநிலத்துக்குப் பிள்ளை போறான்... அவனை யாரும் எந்த நம்பரும் கேட்கலை.

விவரம் தெரிஞ்சவங்க யாராவது ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன். தனம் வாங்கினது எங்க தெருவுல, படகுல கொண்டு போனது நாங்க. அதுவும் வெளி மாநில விற்பனைதானா? ஆடிட்டர் சொன்னதை நான் சரியாத்தான் எழுதியிருக்கேனா?

நான் தப்பா எழுதியிருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.