வீட்டில் இருந்தவருக்கு வந்த டிஸ்சார்ஜ்

பெங்களூருக்கு வேலைக்குப் போகிற காலை ரயிலில் ஒருவர் என் மாமனாரின் உடல்நிலையை மிகுந்த கவலையோடு விசாரித்தார். நானோ அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவரை வீட்டில் விட்டு வந்திருந்தேன். என் போனுக்குக் கன்னடத்தில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. போளூர்ப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கல்யாணமாகி கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் கன்னடம் பேச மட்டும்தான் வரும். அதனால் பங்காருபேட்டையில் ஏறும் மஞ்சுநாத்திடம் படிக்கக் கொடுத்தேன்.

"உங்க மாமா மூணு நாள் அட்மிட் ஆயி, நேத்து டிஸ்சார்ஜ் அண்ணா. ஈவாக ஹேகித்தாரே, இப்போ எப்பிடி இருக்காரு?"

காலையில் சட்னியில் உப்பில்லை என்று திட்டினார் என்றேன். மஞ்சுநாத் மேலே பார்த்துக் கும்பிட்டு, அப்படியானால் நன்றாகக் குணமாகிவிட்டது என்றார். மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். தலையாட்டினேன்.

மாமனாரிடம் போன் இல்லை. அவருடைய சர்க்கார் இன்சூரன்ஸ் கார்டுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தோம். சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கியவர் அவர். வரும் திங்கட்கிழமை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள், அந்தக் கார்டை நம்பித்தான். எடுக்காத வைத்தியத்தை எழுதி யாரோ அதில் பணம் வாங்கிவிட்டால், எடுக்கவேண்டிய வைத்தியத்துக்கு அதில் மிச்சம் இருக்குமா? அன்று முழுக்க இதே யோசனை.

சாயங்காலம் மாமனாரிடம் கார்டு எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறது என்றார். இரண்டு மாதத்துக்கு முன், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து இலவச முகாம் நடத்தினார்கள். டானிக் கொடுத்து, விரல்ரேகை எடுத்து, கார்டுகளையும் வாங்கிப் போனார்கள். லைனில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. போளூரில் ரேஷன் கடைக்காரர் பதிந்து முடிக்கும்வரை கார்டின்மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டோம். இங்கே மட்டும் ஏன் இப்படி? அவரிடமே கேட்டேன்.

"இன்னா மாப்ள, உள்ள எறங்கறவன் டோக்கன குடுத்துட்டுத்தானே எறங்குவான்?"

சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறுமுன் நம்பர் போட்ட டோக்கனை டைம் ஆபீஸில் கொடுத்துவிடவேண்டும். அது பலகையில் தொங்கினால் ஆள் பூமிக்குள் இருக்கிறான் என்று கணக்கு. வேலை முடிந்து மேலே வந்ததும் தானாகக் கைக்கு வரும். வருடக்கணக்கில் பழகிய கை, முகாம் மேசையைக் கண்டதும் நீண்டிருக்கிறது.

மெசேஜ் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பாட்டம் இருமி ஓய்ந்தார்.

"ஆளு மேலயே இருந்து டோக்கன் மட்டும் தொங்குச்சுன்னா, அவன தேடிக்கினு நாலு பேரு எறங்குவான். சாவறதுக்கு. புகார் எழுதிக் குடுத்துடலாம்" என்றார்.

பக்கத்து வீட்டு செல்வியக்காவின் கார்டும் அங்கேதான் இருந்தது. அவர் வாசலிலேயே மறித்தார். "டானிக் குடுத்த மனுசன மாட்டி வுடப் போறியா? வந்த மாப்ள, உனுக்கு இன்னாத்துக்கு லைன் வம்பு? எல்லார் கார்டையும் வெட்டிடுவானுங்க." எனக்கும் அந்தப் பயம்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டு மாமனாரோடு கிளம்பினேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கார்டுதாரர்களுக்கென்று ஓர் உதவி மேசை உண்டு. அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அந்த மூன்று நாளும் இவர் வெளியே இருந்ததற்கு என்ன காட்டுவீர்கள் என்று கேட்டாள். மாமனார் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டுகளை எடுத்து வைத்தார். அதில் ஒன்று இதே ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு. தேதி, அந்த மூன்று நாளில் இரண்டாவது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகார் கொடுத்ததற்காக யாருடைய கார்டையும் வெட்டமாட்டார்கள் என்றாள். செய்தது யார் என்று நாங்கள் நிரூபிக்கவேண்டியதில்லையாம். எடுக்காத வைத்தியம் என்று சொன்னால் போதும், விசாரிப்பது அவர்கள் வேலை. கார்டைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, புகார் நம்பரைச் சேர்த்து எழுதிக்கொண்டு திங்கட்கிழமையே படுக்கை தருவார்கள் என்றாள்.

மாமனாருக்குக் கை நடுங்கும். அதனால் புகார் என் பெயரில். விலாசம் கேட்டபோது என் வாயில் போளூர் விலாசம் வந்தது. தொல்லை எதுவானாலும் அங்கே போகட்டும் என்று நினைத்திருப்பேன்.

"அங்க போயி யார விசாரிப்பாங்க அண்ணா?" என்றாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். லைன் வீட்டு நம்பரைச் சொன்னேன். கன்னடத்தில் அடித்துத் தாளை நீட்டினாள். அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பிறகு, கூச்சத்தை விட்டு, இதில் என் பெயர் எது என்று கேட்டேன். பேனா முனையால் தொட்டுக் காட்டினாள். வட்ட வட்டமாக நான்கு எழுத்து. அவள் காட்டாவிட்டால் அது நான் என்று எனக்கே தெரிந்திருக்காது.