கற்றாழை என்று நான் வாங்கிய பெட்டி

மதுக்கடையில் நிற்பவன் குடிக்காதவனாக இருந்தால், அவன் சொல்வதை எல்லோரும் நம்பிவிடுவார்கள்; ஆபத்தே அதுதான். எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் அப்படி நின்றவன் நான். கடைகளில் நின்று கால் வீங்கிய அன்பர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

அகராதி பார்த்த கதை

செப்டம்பரில் மொத்த வியாபாரியின் பட்டியலில் 'மெஸ்கால்' என்று ஒரு சரக்கு. 'அகாவே' என்ற செடியிலிருந்து எடுப்பது என்று போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினேன்: ஆனைக்கற்றாழை. கற்றாழை என்றால் குளிர்மை, நம்முடைய சனம் விட்டுவைக்காது என்று முதலாளியைக் கேட்காமலே ஒரு பெட்டி எழுதிவிட்டேன். வந்த பன்னிரண்டு போத்தலிலும் அடியில் ஒவ்வொரு புழு கிடந்தது.

பழுதாகிவிட்டது என்று பயந்து வியாபாரிக்குப் போன் போட்டேன். புழு வேண்டுமென்றே போட்டதாம், திருப்பி எடுக்கமாட்டார்களாம். நான் இருந்த அறையும் முதலாளியுடையதுதான், கடைக்கு மேலே. வேலை போனால் அறையும் போகும். முதலாளி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "டிசம்பர் நத்தாருக்கு முதல் உந்தப் பெட்டி முடியோணும். இல்லாட்டி நீர் வேறை இடம் பாரும்."

உடம்புச் சூடு

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அண்ணை ஒருவர் உடம்புச் சூடு என்று அடிக்கடி முறைப்பாடு சொல்லுவார். கற்றாழைச் சரக்கு, நல்ல குளிர்மை என்று அவர் தலையில் ஒன்றைக் கட்டினேன். நான் பொய் சொல்லவில்லை, அப்போது உண்மையாகவே நம்பினேன். உண்மையான கற்றாழை வேறு, இது வேறு என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கண் சிவக்க வந்து நின்றார்.

"தம்பி, உடம்பு குளிரேல்லை. காதாலை புகை வந்தது."

மச்சமா, சைவமா?

இன்னொருவர் கணக்காளர். வெள்ளி தவறாமல் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வருவார். வரும் வழியில் அரைப் போத்தல் விஸ்கியும் வாங்குவார். அன்று விஸ்கி முடிந்திருந்தது. மெஸ்காலை நீட்டினேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் புழுவைப் பார்த்தார். போத்தலை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார்.

"குடிக்கிறது வேறை, தம்பி. வெள்ளிக்கிழமையிலை மச்சம் தொட என்னாலை ஏலாது."

அப்பாவுக்கு

ஒக்டோபர் முடிகிற நேரம், பெட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நான் அறை தேடத் தொடங்கியிருந்தேன். ஒரு பின்னேரம் சமையல்காரச் சட்டையோடு ஒரு மெக்சிக்கோக்காரர் வந்தார். மெஸ்கால் அடுக்கிய தட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். போத்தலை இரண்டு கையாலும் எடுத்தார்.

புழுவைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். அது வியாபாரத்துக்குப் போடுவது, தங்கள் ஊர்ச் சரக்கில் புழு இராது என்றார். செடி முற்ற எட்டுப் பத்து வருடம் செல்லுமாம். ஒருமுறை வெட்டினால் அதோடு சரியாம். நடுக்கிழங்கைக் குழியில் சூடான கல்லில் சுட்டு, நசித்து, புளிக்கவைத்து வடிப்பார்களாம். டெக்கீலா என்று பேர் வாங்கியதும் இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதானாம்.

அடுத்த வாரம் அவர்கள் ஊரில் செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். பூவும் பேக்கரிப் பாணும் வைத்து, அப்பாவுக்கு ஒரு கிளாஸ் மெஸ்காலும் வைக்கவேண்டும். அப்பா செத்தபோது தன்னால் போக முடியவில்லை என்றார்.

பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி தலையை நிமிர்த்தினார். அவருடைய அப்பா அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்தில் காலமானார். சண்டை, பாதை பூட்டு, அவரும் போகவில்லை. நம்மிடமும் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, குடித்தவருக்குச் சாராயம் வைத்துப் படைப்பது உண்டு. அதை யாரோ அயலவர்கள் செய்தார்களாம். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

அடுத்த நாள் மெக்சிக்கோக்காரர் தன்னோடு வேலைசெய்யும் நாலு பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் வாங்கிப்போக எஞ்சியது ஒன்று. அதை முதலாளி பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். காலையில் வந்ததும் என்னைப் பாராமலே சொன்னார்: "அப்பாவுக்கு வைச்சன். பனங்கள்ளுக் குடிச்ச மனிசன், கத்தாளையையும் குறை சொல்லியிருக்கமாட்டார். அறை தேடுறதை விட்டிட்டு இன்னொரு பெட்டி எழுதும்."

உயிரோடு இருந்தவர்களிடம் ஆறு வாரமாக நான் விற்கத் தவித்த சரக்கை, கண்மூடிய இரண்டு அப்பாமார் விற்றுத் தந்துவிட்டார்கள்.