பத்தாவது வளைவில் ஒரு பிளக்

என் அப்பா கோயிலில் காட்டிய பக்தியைவிடத் தன் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கிடம் காட்டிய பக்தி அதிகம். போத்தனூரில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பழைய இரட்டை சைலன்சர் வண்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். கறுத்திருந்தால் நான் உப்புத்தாளோடு ஓடவேண்டும். புதுசு வாங்கப் போனாலோ, நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டுத்தான் காசு எடுப்பார். நம்பர் மாறினால் பிளக்கின் சூடு மாறும். சூடு குறைந்தால் கரி கட்டும், கூடினால் பிஸ்டன் பாழ். பத்து வயதில் எனக்கு வாய்ப்பாடு தடுமாறும், இது தடுமாறாது.

அந்த வருஷம் அம்மாவுக்கு வால்பாறையில் டீச்சர் வேலை கிடைத்தது. எட்டு வருஷம் காத்திருந்து வந்த சர்க்கார் வேலை. வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பா இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, அந்த வெள்ளிக்கிழமைதான் வண்டியை எடுத்தார். பஸ்ஸில் மலையேறினால் அம்மாவுக்கு வாந்தி வரும். டேங்க்மேல் நான், பின்னால் துணிப்பையோடு அம்மா. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டி அது; மலை ஏறவேண்டுமே என்று வழக்கத்தைவிடத் தாராளமாக ஆயிலை ஊற்றியிருந்தார் அப்பா.

பத்தாவது வளைவில் வண்டி இருமியது, புகையைக் கக்கியது, நின்றது.

அப்பா இருபது உதை உதைத்தார். பக்கப் பெட்டியைத் திறந்து ஸ்பானரை மட்டும் எடுத்துப் பிளக்கைக் கழற்றினார். நுனி கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது.

"பிளக் செத்துப்போச்சு. ஸ்பேரு ஊட்டுல கெடக்குது. எறக்கந்தானே, உருட்டிக்கிட்டே திரும்பிரலாம்" என்றார்.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. "ஏனுங்க, வேற வழியே இல்லீங்களா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"செத்தெல்லாம் போகலீங்கப்பா, ஆயில் கட்டியிருக்குது. குடுங்க, நான் பாக்கறேன்."

உப்புத்தாள் இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. சிகரெட்டை விட்டு ஒரு வருஷமாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரின் பையில் அது எப்படி வந்தது என்று கேட்க அன்று அம்மாவுக்கு நேரமில்லை. பெட்ரோலில் நனைத்த கைக்குட்டையால் பிளக்கைத் துடைத்தேன். தீப்பெட்டியின் சொரசொரப்புப் பக்கத்தால் நுனியைத் தேய்த்தேன். அம்மாவின் பையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை வாங்கி, இரண்டாக மடித்து இடைவெளியில் நுழைத்துப் பார்த்தேன்; அப்பா கற்றுக்கொடுத்த அளவு. உதட்டைக் கடித்துக்கொண்டு நானே மாட்டினேன்.

"ஒதைங்கப்பா."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரே உதை. மலையே அதிரும்படி வண்டி உயிர் பிடித்தது. அம்மா சாலை என்றும் பாராமல் என்னைத் தூக்கிச் சுற்றினாள். "எஞ்சாமி! எங்கண்ணு!" என்று முத்தமிட்டதில் அவள் முகமெல்லாம் கரி. மிச்ச வளைவுகளையெல்லாம் நான்தான் வண்டியை இழுத்துக்கொண்டு போவதாக நினைப்பு எனக்கு. நாலு இருபதுக்குப் பள்ளிக்கூட ஆபீசில் அம்மா கையெழுத்துப் போட்டாள். மூக்கு நுனியில் கரியோடு ஒரு டீச்சரை அந்தத் தலைமையாசிரியர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார்.

அம்மாவை அங்கேயே ஓர் அறையில் தங்கவிட்டு நானும் அப்பாவும் இறங்கினோம். ஆழியாறில் டீ குடிக்க நிறுத்தியபோது, என்னிடமே இருந்துவிட்ட ஸ்பானரை வைக்கப் பக்கப் பெட்டியைத் திறந்தேன். செய்தித்தாளில் சுற்றிய ஸ்பேர் பிளக் மேலாகவே கிடந்தது.

"அப்பா! இங்கயேதான் இருக்குது!"

"அப்படியா கண்ணு? மறந்துபோட்டேன்" என்றார், டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே.

போத்தனூர் வரும்வரை அவர் மறதியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கதவைத் திறந்ததும், அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று அடுப்படி வரை ஓடினேன். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது.

திரும்பி வந்தபோது அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிளக் நம்பரைத் தூக்கத்திலும் சொல்லும் மனிதர் ஸ்பேரை மட்டும் எப்படி மறந்தார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.